மாரினேதாவுக்கு ஒரு பயணம்

மே 10, மாட்ரிட்

"பார்சிலோனா போலாமா அத்தை, இல்ல கிரனாடாவா? அல்ஹம்ப்ராவுக்கு டிக்கெட் கிடைக்கிறது கஷ்டம், இப்பவே சொல்லிடுங்க" என்று அண்ணன் மகள் போன மாதமே போனில் கேட்டாள். இரண்டு வருடமாக இங்கே படிக்கிறாள். ஆ கொருன்யா போகணும் என்றேன்.

"அது வடமேற்கு மூலையில இருக்கு. எப்பவும் மழை. அங்க என்ன இருக்கு?"

"ஒரு அம்மாவைப் பார்க்கணும்."

"உங்க ஃபிரெண்டா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன். 1921-லயே போயிட்டாங்க."

ஸ்பானிய நாவலாசிரியர் எமிலியா பார்தோ பசான் எனக்கு அறிமுகமானது ஒரு பழைய புத்தகக் கடையில். அட்டை கிழிந்த ஆங்கில மொழிபெயர்ப்பு. 'உய்யோவா மாளிகை' என்று தமிழில் சொல்லலாம், 1886-இல் வந்த நாவல். குதிரை ஓட்டிப் பழக்கமில்லாத ஓர் இளம் பாதிரியார் பயந்து பயந்து மலைப்பாதையில் போகிறார். பாழடைந்த பெரிய வீடு. பேருக்கு ஒரு மார்க்கீஸ், அதாவது பிரபு. வீட்டை உண்மையில் ஆள்வது அவருடைய காரியக்காரன். முதல் இரவே சமையலறையில் அந்த ஆண்கள் ஒரு சின்னப் பையனுக்கு ஒயினை ஊற்றிக் கொடுத்து, அவன் சுருண்டு விழும்வரை வேடிக்கை பார்க்கிறார்கள். பையன் யார் பிள்ளை என்பது பாதிரியாருக்குத் தெரியாது. வாசகருக்குத் தெரிந்துவிடும். அந்தச் சமையலறைக் காட்சியை முடித்துவிட்டுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். இதை எழுதியவரின் படம் உள்ளே இருந்தது. பருத்த உடம்பு, ஒற்றைக் கண் கண்ணாடி, கழுத்துவரை மூடிய உடை. பார்த்தால் கோயில் திருப்பணிக் குழுத் தலைவி மாதிரி இருந்தார்.

இன்று வந்து இறங்கியதே மதியம். மாலையில் பிரின்செசா தெருவில் இருக்கும் அவருடைய சிலையை மட்டும் பார்த்தோம். ஆல்பா பிரபுக்களின் லிரியா அரண்மனைத் தோட்டத்தை ஒட்டி நிற்கிறது. 1926-இல் வைத்தது. கடைசிக் காலத்தில் அவர் குடியிருந்ததும் இதே தெருதான். பேருந்துக்குக் காத்திருந்தவர்களில் ஒருவரும் சிலையை நிமிர்ந்து பார்க்கவில்லை. சிலைகளுக்கு எந்த ஊரிலும் இதே கதிதான்.

தூக்கம் கண்ணைச் சொருகுகிறது. மீதி நாளைக்கு.

மே 11, மாட்ரிட்

இன்று முழுக்க வாசல்களாகவே பார்த்தோம். நான் போட்ட திட்டம்தான். அண்ணன் மகளுக்கு அவ்வளவு உற்சாகமில்லை. "ஒரு பில்டிங்குக்கு உள்ளயும் போகாம எதுக்கு அத்தை இவ்வளவு நடக்கணும்?" அந்த அம்மாவையும் உள்ளே விடவில்லையே, அதனால்தான் என்றேன்.

முதல் வாசல் பிராதோ அருங்காட்சியகத்துக்குப் பின்னால், ஃபெலிப்பே நான்காமவர் தெருவில் இருக்கிறது. ஸ்பானிய அரச மொழிக் கழகம். 1713-இல் தொடங்கியது. உள்ளே உறுப்பினர்களின் இருக்கைகளுக்கு எழுத்துகளே பெயர். பெரிய ஏ, சிறிய ஏ என்று போகும். எமிலியாவின் பெயர் 1889-இல், 1892-இல், 1912-இல் என மூன்று முறை அடிபட்டது. மூன்று முறையும் கதவு திறக்கவில்லை.

1889-இல் நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. கழகம் கையில் வைத்திருந்த சாக்கு பழையது. 1853-இல் கெர்த்ரூதிஸ் கோமஸ் தெ அவெயானெதா என்ற கியூபாவில் பிறந்த கவிஞர் இடம் கேட்டபோது, பெண்களுக்கு இடமில்லை என்று அவர்கள் முடிவெடுத்திருந்தார்கள். எமிலியா கழகத்தாரிடம் போய்க் கெஞ்சவில்லை. இறந்து பதினாறு வருடமான அவெயானெதாவுக்குக் கடிதம் எழுதி, அதைப் பத்திரிகையில் அச்சிட்டார். முகவரி: எலிசியச் சோலை, அதாவது புண்ணியவான்களின் மேலுலகம். அங்கே சுகமா அக்கா, இங்கே இவர்கள் இன்னும் அப்படியேதான் இருக்கிறார்கள் என்கிற தொனி. உயிரோடிருக்கும் ஆண்களை விட்டுவிட்டுச் செத்துப்போன ஒரு பெண்ணிடம் பேசுகிற அந்தக் குசும்பை நினைத்து, கழகத்துப் படிக்கட்டின் கீழே நின்று சிரித்தேன்.

பதிலும் வந்தது. ஹுவான் வலேரா நல்ல நாவலாசிரியர், கழக உறுப்பினர். பெண்களும் கழகங்களும் என்று 1891-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார், பெண்கள் ஏன் வரக்கூடாது என்பதற்கு. புனைபெயரில்தான். அந்தப் புனைபெயரின் பின்பாதி ஃபிலோகினோ. கிரேக்கத்தில் 'பெண்களை நேசிப்பவன்' என்று பொருள்.

இதே 1889-இல்தான் பெனிதோ பெரெஸ் கால்தோஸைக் கழகம் தேர்ந்தெடுத்தது. ஸ்பானிய நாவல் என்றால் செர்வாந்தெஸுக்கு அடுத்து எல்லோரும் சொல்லும் பெயர் அவருடையது. அந்தக் காலத்தில் அவர் எமிலியாவின் காதலர். அவருக்கு எமிலியா எழுதிய கடிதங்கள் இன்று அச்சில் கிடைக்கின்றன. கொஞ்சலும் கேலியும் புத்தகப் பேச்சும் பணக்கணக்கும் கலந்து கிடக்கும். அவர் எமிலியாவுக்கு எழுதியவற்றில் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சவில்லை. ஒரு கடிதத்தில், இனிமேல் பெற்றோரிடம் கை நீட்டாமல் எழுத்து வருமானத்தில் மட்டும் வாழ்வது என்று தீர்மானித்துவிட்டேன் என்று சொல்கிறார். பணக்கார வீட்டுப் பெண். அப்போது மூன்று பிள்ளைகளுக்குத் தாய், கணவரைப் பிரிந்து வாழ்ந்தவர். அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பயணம் என்றுகூடச் சொல்லலாம். மற்றவர்கள் காதல் விவகாரத்தை எழுதுவார்கள்; எனக்கு அந்தப் பணக்கணக்குதான் முக்கியம்.

அடுத்து பிராதோ தெருவில் அத்தெனேயோ. இது பேச்சும் வாதமுமாக இருந்த அறிஞர் மன்றம். இங்கே கதவு திறந்தது. 1906-இல் இலக்கியப் பிரிவுக்குத் தலைவரானார், அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்.

மூன்றாவது, சான் பெர்னார்தோ தெரு. அன்றைய மத்தியப் பல்கலைக்கழகக் கட்டடம் இங்கே இருக்கிறது. இதே தெருவில்தான் அவர் நெடுநாள் குடியிருந்தார். ஸ்பெயினில் பெண்கள் தனி அனுமதி வாங்காமல் பல்கலைக்கழகத்தில் சேரலாம் என்ற ஆணை 1910 மார்ச் 8-இல் வந்தது. ஆறு வருடம் கழித்து அமைச்சர் ஹூலியோ புரெய் இவரை லத்தீன் வழி மொழிகளின் இலக்கியத்துக்குப் பேராசிரியராக நியமித்தார். அப்போது வயது 64. ஆசிரியர் குழு எதிர்த்தது. அமைச்சர் விடவில்லை. ஆனால் கட்டாயப் பாடமில்லை என்பதால் வகுப்பு மெல்ல மெல்ல வற்றிப்போனது. நாற்காலி கிடைத்தால் கேட்க ஆளில்லை. கேட்க ஆளிருந்த இடத்தில் நாற்காலி இல்லை.

"அந்தக் கழகத்துல முதல் பொண்ணு எப்பத்தான் உட்கார்ந்தாங்க?" என்று கேட்டாள், இரவுச் சாப்பாட்டில். கார்மென் கோந்தே என்ற கவிஞர், 1978-இல் தேர்வாகி 1979-இல் இருக்கையில் அமர்ந்தார் என்றேன். "அப்பா பிறந்ததுக்கு அப்புறமா!" என்றாள். வரலாறு அவளுக்கு அங்கேதான் உறைத்தது.

மே 12, ரயிலில்

இன்று அவர் இறந்த நாள், 1921 மே 12. திட்டமிட்டுப் பிடித்த தேதி இல்லை, மலிவான டிக்கெட் இன்றைக்குத்தான் கிடைத்தது.

சாமார்த்தீன் நிலையத்திலிருந்து நாலு மணி நேரத்துக்குள் ஆ கொருன்யா போய்விடுகிறது வண்டி. சமோராவைத் தாண்டும்வரை வறண்ட மஞ்சள் வெளி. பிறகு சுரங்கத்துக்கு மேல் சுரங்கம். வெளியே வந்தால் எங்கும் ஈரப்பச்சை. ஸ்பெயினின் வடமேற்குப் பகுதியான கலீசியா வந்துவிட்டது. மாட்ரிட்டுக்கும் இந்த ஊருக்கும் ரயில் பாதை முழுசாகத் திறந்தது 1883-இல். அதற்கு முன் குதிரை வண்டியில் நாட்கணக்கு.

அவருடைய இரண்டாவது நாவல் 'தேனிலவுப் பயணம்', 1881-இல் வந்தது. புது மாப்பிள்ளை ஒரு நிலையத்தில் மறந்துபோன பணப்பையைத் தேடி இறங்குகிறான், வண்டி கிளம்பிவிடுகிறது. பெண் தூங்கிக்கொண்டிருக்கிறாள். கண் விழித்தால் எதிரே முன்பின் தெரியாத ஓர் ஆள். இதை நான் சொல்லி முடித்ததும் அண்ணன் மகள் எங்கள் பைகளை ஒரு தரம் எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

ஆ கொருன்யாவில் இறங்கும்போது மழை. சொன்னேனே என்பது போல் ஒரு பார்வை. குடை பெட்டியின் அடியில் இருந்தது.

மே 13, ஆ கொருன்யா

இந்த ஊருக்கு அவர் தன் கதைகளில் வைத்த பெயர் மாரினேதா. கதையில் வருகிற அதே கடற்காற்று இங்கே ஆளைத் தள்ளுகிறது. துறைமுகத்தைப் பார்த்த வீடுகள் முழுக்க வெள்ளைச் சட்டமிட்ட கண்ணாடி மாடங்கள். வெயில் கொஞ்சமாக வரும் ஊரில் வருகிற வெயிலைப் பிடித்து வைக்கச் செய்த ஏற்பாடு. காலையில் ஒரு பத்து நிமிடம் வெயில் அடித்தது. தெருவே பளீரென்று பற்றிக்கொண்ட மாதிரி ஆனது, பிறகு பழையபடி சாம்பல்.

பழைய ஊரில் தபெர்னாஸ் தெரு, 11-ஆம் எண். இதுதான் குடும்ப வீடு. இப்போது அவருடைய நினைவு இல்லம். இதே வீட்டில்தான் அரச கலீசிய மொழிக் கழகமும் இருக்கிறது, அவருடைய நூல்களில் பெரும்பகுதி அவர்கள் வசம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. எமிலியா எழுதியது ஏறக்குறைய முழுக்க ஸ்பானிஷில். கலீசிய மொழியை வளர்த்த கவிஞர் ரொசாலியா தெ காஸ்த்ரோ 1885-இல் இறந்தபோது இந்த ஊரில் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் எமிலியா பேசினார். அந்தப் பேச்சில் கலீசிய மொழிக் கவிதையை வட்டார அளவில் நிறுத்திவிட்டார் என்று ரொசாலியாவின் கணவர் மானுவெல் முர்கியாவுக்குத் தீராத கோபம். பதினோரு வருடம் கழித்தும் பத்திரிகையில் வரிசையாகத் திட்டி எழுதினார். 1906-இல் தொடங்கிய கலீசியக் கழகத்தின் முதல் தலைவர் அதே முர்கியா. எமிலியாவுக்கு அதே ஆண்டு கௌரவத் தலைவர் பட்டம். இன்று கழகம் நடப்பதோ எமிலியா வீட்டில். பங்காளிச் சண்டை போட்ட இரண்டு பேரை ஒரே வீட்டுச் சுவரில் படமாக மாட்டி வைத்த மாதிரி. இந்த வழக்கில் என் மனசு முர்கியா பக்கம்தான் சாய்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு வேலைக்காரி பேசும் மொழியைக் கதைக்குள் அவ்வளவு ஆசையாகக் கொண்டுவந்தவருக்கு, அந்த மொழியே தனியாக நின்று கவிதை ஆகும் என்று நம்ப முடியாமல் போனது.

வீட்டுக்குள் மேசை, நாற்காலி, ஓவியங்கள், கனத்த திரைகள். 1851 செப்டம்பர் 16-இல் இந்த ஊரில் பிறந்தவர், ஒரே பிள்ளை. அப்பா தன் நூலகத்தைத் திறந்து விட்டுவிட்டார். பைபிளும் இலியத்தும் தொன் கிஹோத்தேயும் சின்ன வயதுச் சிநேகிதர்கள். பதினாறு வயதில், 1868-இல், கல்யாணம். பிற்பாடு எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் ஒரே மூச்சில் சொல்வார்: நீளப் பாவாடை உடுத்தினேன், கல்யாணம் ஆனது, செப்டம்பர் புரட்சி வெடித்தது. மாப்பிள்ளை ஹொசே கிரோகா சட்ட மாணவர். 1876-இல் மூத்த மகன் பிறந்த அதே வருடம், பதினெட்டாம் நூற்றாண்டு அறிஞரான பாதிரியார் ஃபெய்ஹோவைப் பற்றிய கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கினார். போட்டியில் தோற்றவர்களில் ஒருவர் கொன்செப்சியோன் அரெனால், சிறைச் சீர்திருத்தத்துக்குப் பேர்போன பெரிய எழுத்தாளர். இருபத்தைந்து வயது இளம் தாய் ஐம்பத்தாறு வயதுக்காரரைத் தோற்கடித்தார்.

புயல் 1882-இல் கிளம்பியது. பிரெஞ்சு நாவலாசிரியர் ஸோலாவின் இயல்புவாதத்தைப் பற்றி மாட்ரிட் நாளிதழ் ஒன்றில் தொடர் எழுதினார், மறு வருடம் 'எரியும் பிரச்சினை' என்று நூலாக வந்தது. ஆதரிப்பும் உண்டு, மறுப்பும் உண்டு. மனிதன் சூழலின் கைதி என்பதைக் கத்தோலிக்கரான அவர் முழுக்க ஏற்கவில்லை. ஆனால் ஊர் அந்த நுணுக்கத்தையெல்லாம் பார்க்குமா? அசிங்கம் பிடித்த பிரெஞ்சு நாவல்களைக் குடும்பப் பெண் ஒருத்தி படித்திருக்கிறாள், அதைப் பற்றி எழுதவும் செய்கிறாள். எழுதுவதை நிறுத்து என்றார் கணவர். எமிலியா நிறுத்தவில்லை. சத்தம் போடாமல், நீதிமன்றம் போகாமல் பிரிந்தார்கள்.

மதியம் பலோசா பகுதிக்குப் போனோம். பழைய புகையிலைத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. 1804-இல் தொடங்கியது. சுருட்டு சுற்றியவர்கள் எல்லாம் பெண்கள், ஆயிரக்கணக்கில். ஊரில் பெண் கையில் கூலி வந்த இடம் இது. 1857-இல் இயந்திரம் வருகிறது என்று கலகம் செய்தவர்கள். எமிலியா இரண்டு மாதம் காலையும் மாலையும் இங்கே வந்து உட்கார்ந்து பேச்சைக் கேட்டுக் குறிப்பெடுத்தார். அதில் பிறந்தது 'லா திரிபூனா', 1883. அம்பாரோ என்ற சுருட்டுக்காரப் பெண் கூடத்தில் சக தொழிலாளிகளுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டுகிறாள். படித்துப் படித்துக் குடியரசுக்காரி ஆகிறாள். மேல்வர்க்கத்து அதிகாரி ஒருவன் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்லிக் கைவிடுகிறான். கடைசியில் அவள் பிள்ளை பெறும்போது வெளியே கூட்டம் கூட்டாட்சிக் குடியரசு வாழ்க என்று கத்திக்கொண்டு போகிறது. அந்த இரண்டு சத்தத்தையும் அருகருகே வைத்துவிட்டு எமிலியா நிறுத்திக்கொள்கிறார். கார்லிஸ்ட் முடியாட்சி அனுதாபி ஒருவர் எழுதியது இது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். குடியரசைக் கேலி செய்யத்தான் உட்கார்ந்திருக்கிறார். எழுத எழுத அம்பாரோ அவரைவிடப் பெரியவளாகிவிட்டாள்.

கட்டடம் இப்போது நீதிமன்றம். கோப்புக் கட்டோடு வக்கீல்கள் ஏறி இறங்குகிறார்கள். எதிர்ப்புறம் ஒதுங்கி நின்று ஜன்னல்களை எண்ணினேன், பாதியில் மழை வலுத்தது.

இரவு பத்ரோன் மிளகாய். பச்சையாய்ச் சின்னதாய், உப்புத் தூவிப் பொரித்தது. சில காரமாக இருக்கும், சில இருக்காது என்பது இந்த ஊர்ப் பழமொழி. தட்டில் இருந்த இருபதில் ஒன்றே ஒன்றுதான் காரம்; அது சரியாக அண்ணன் மகள் வாய்க்குப் போனது.

மே 14, மெய்ராஸ்

இன்று பார்த்ததை எழுதத்தான் வந்தேன், எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை.

ஆ கொருன்யாவிலிருந்து சாதா என்ற ஊர்ப் பக்கம் டாக்சியில் அரை மணி. மரங்களுக்கு நடுவே மூன்று சதுரக் கோபுரங்கள், ஒன்றுக்கொன்று உயரம் வேறு, தலையில் கோட்டைப் பற்கள். பார்த்ததும் இடைக்காலக் கோட்டை என்று நினைப்போம். உண்மையில் கட்டியது 1893-இலிருந்து 1907 வரை. இங்கிருந்த பழைய வீட்டை நெப்போலியன் படை எரித்துவிட்டது. எமிலியாவும் அவருடைய அம்மாவும் சேர்ந்து திட்டம் போட்டுக் கட்டிய வீடு இது. ஒரு மாடத்தின் கல்லில் அவருடைய புத்தகப் பெயர்களைச் செதுக்கியிருக்கிறார்கள், கலைத்தேவியர் மாடம் என்று பெயர். சொந்த வீட்டுச் சுவரில் சொந்தப் புத்தகப் பட்டியல்! அடக்கம் என்ற சொல் அந்த அம்மாவின் அகராதியில் இல்லை. எனக்கு அதுவும் பிடித்திருந்தது.

எழுதும் அறை இருந்த கோபுரத்துக்குக் கிமேரா என்று பெயர். ஆட்டுடம்பும் சிங்கத்தலையுமான கிரேக்கக் கற்பனை விலங்கு. எட்டாத கனவு என்றும் பொருள். ஹொவாகின் வாமோந்தே என்ற இளம் ஓவியரை எமிலியா ஆதரித்து வந்தார். காசநோயோடு இங்கே வந்து, 1900-இல் இங்கேயே இறந்தார். அவரை வைத்து எழுதியதுதான் 'லா கிமேரா' நாவல், 1905. 

அந்தக் கோபுரத்தைத் தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்தபோது கணக்குப் போட்டேன். நாற்பதுக்கு மேல் நாவல்களும் குறுநாவல்களும், அறுநூறுக்கு மேல் சிறுகதைகள். 1891-இலிருந்து 1893 வரை 'புதிய விமர்சன அரங்கு' என்ற பத்திரிகையை அப்பா விட்டுப்போன பணத்தில் நடத்தினார், மொத்தம் 30 இதழ். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை எழுதியது அவர் ஒருவரே. 1892-இல் மாட்ரிட் கல்வி மாநாட்டில், பெண்களுக்குக் கொடுக்கிற கல்விக்குக் கல்வி என்று பேர் வைக்க முடியாது, அது பழக்குதல், மிருகத்தைப் பழக்குவது மாதிரி. பணிவும் அடக்கமும்தான் அதன் குறிக்கோள் என்று பேசினார். அதே வருடம் பெண்கள் நூலகம் என்று ஒரு வரிசை தொடங்கி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் பெண்ணடிமை நூலை வெளியிட்டார். யாரும் வாங்கவில்லை. இந்த நாட்டில் இதைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை என்று தெரிந்துகொண்டேன், வீட்டு நிர்வாகத்தைக் கவனிக்கிறேன் என்று சொல்லி, 1913-இல் அதே வரிசையில் பழைய ஸ்பானிய சமையல் என்று ஒரு புத்தகம் போட்டார். மில்லுக்குப் பக்கத்தில் சூப். தோல்வியை இதைவிட ருசியாக யாரும் ஒப்புக்கொண்டதில்லை.

இனி வருவதைத்தான் எழுத மனம் வரவில்லை. 1936-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. எமிலியாவின் மகன் ஹைமேயையும் அதே பெயர்கொண்ட பேரனையும் மாட்ரிட்டில் குடியரசுத் தரப்பு ஆயுதப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். வீடு மருமகள் கைக்கு வந்தது. 1938-இல், குடியரசை எதிர்த்துப் போரிட்ட தளபதி ஃபிராங்கோவின் ஆதரவாளர் குழு ஒன்று வீட்டை அவரிடம் வாங்கி ஃபிராங்கோவுக்குப் பரிசாகக் கொடுத்தது. நன்கொடை என்று பெயர்; சுற்றுவட்டார மக்கள் பலரிடம் கட்டாய வசூல், சம்பளத்தில் பிடித்தம். 1941-இல் ஃபிராங்கோவே தன் பணத்தில் வாங்கியது போல 85,000 பெசெத்தாவுக்கு ஒரு பத்திரம் எழுதிக்கொண்டார்கள். அதன்பின் ஒவ்வொரு கோடையிலும் சர்வாதிகாரியின் ஓய்வு வீடு இதுதான். அமைச்சரவைக் கூட்டமே இங்கே நடந்திருக்கிறது. அவர் 1975-இல் இறந்த பிறகும் குடும்பம் விடவில்லை. 2020 செப்டம்பரில் ஆ கொருன்யா நீதிமன்றம், 1941 விற்பனை வெறும் நாடகம், வீடு அரசுக்குச் சொந்தம் என்று தீர்ப்பளித்தது. அந்த டிசம்பரில் சாவி கைமாறியது.

"அப்ப இப்ப இது அவங்க வீடா, அவர் வீடா?" என்றாள் அண்ணன் மகள்.

நல்ல கேள்வி. உடன் வந்தவர்கள் கேட்டதெல்லாம் ஃபிராங்கோவைப் பற்றித்தான். எந்தப் பக்கம் தூங்குவார், எங்கே மீன் பிடிப்பார். அது அவர்கள் நாட்டு ரணம், கேட்கட்டும். ஆனால் கோபுரம் கட்டிய பெண்ணின் பெயர் அவர் வீட்டுத் தோட்டத்திலேயே இரண்டாமிடத்துக்குப் போய்விட்டது.

சிற்றாலயத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. எமிலியா தனக்காக ஏற்பாடு செய்தது. உள்ளே யாருமில்லை. மாட்ரிட்டில் இறந்தவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

திரும்பும் வழியில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரவு ரயிலில்தான் அவள் மெதுவாக, "உய்யோவா புக்கு உங்ககிட்ட இருக்கா அத்தை?" என்றாள். கொடுத்தேன். ஒயின் குடிக்கும் பையன் வரை வந்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு தொடர்ந்து படித்தாள்.

மே 15, மாட்ரிட்

சான் இசித்ரோ நாள். மாட்ரிட்டின் காவல் தெய்வம் ஒரு கூலி உழவர். ஊருக்கே விடுமுறை.

காலையில் கோயா தெருவில் உள்ள கொன்செப்சியோன் தேவாலயம். எமிலியா இதன் நிலவறையில் இருக்கிறார். மேலே பெஞ்சில் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். பூசை முடிந்து வந்த பாட்டிமார் விசிறியை மடக்கும் சத்தம். வெளியே வந்தால் துணிக்கடைகள். கலீசியாவில் காலிக் கல்லறையும் இங்கே கடைவீதியும். மெய்ராஸின் பாடு தெரிந்தபிறகு, இங்கே இருப்பதே மேல் என்று தோன்றியது. அங்கே போயிருந்தால் முப்பத்தேழு வருடம் ஃபிராங்கோவுக்கு வீட்டுக்காரியாகக் கிடந்திருக்க வேண்டும்.

மதியம் பிரதேரா, மன்சனாரெஸ் ஆற்றுக்கு அந்தப்புறம் திருவிழா மைதானம். இதைப் பார்க்காமல் போக முடியாது. 'இன்சொலாசியோன்', அவருடைய 1889 நாவல், அதன் வம்பு இங்கேதான் தொடங்குகிறது. தலைப்புக்கு வெயில் தாக்கியது என்று பொருள். ஆசீஸ் என்ற கலீசிய மார்க்கேசா, அதாவது பிரபுக் குலப் பெண், இளம் விதவை, மரியாதைக்காரி. காலையில் தலைவலியோடு கண் விழிக்கிறாள். நேற்று ஓர் ஆந்தலூசியா நாட்டு ஆணோடு இந்தத் திருவிழாவுக்கு வந்தாள். வெயில், கூட்டம், ஒயின். வெயில்தான் காரணம் என்று தனக்குத்தானே சாதிக்கிறாள். கதை முழுக்க அந்தச் சாக்கை எமிலியா கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டே போவார். தண்டனை கிடையாது, ஆற்றில் விழுந்து சாவதும் கிடையாது. அன்றைய விமர்சகர்கள் கொதித்ததில் வியப்பில்லை. நூலை அவர் காணிக்கை ஆக்கியது ஹொசே லாசரோ கால்தியானோ என்ற இளம் பதிப்பாளருக்கு. கால்தோஸ் அதைப் படித்தபோது என்ன நினைத்தாரோ.

பூப்போட்ட உடையும் தலையில் சிவப்புப் பூவுமாகப் பெண்கள், கட்டம் போட்ட தொப்பியில் ஆண்கள், தள்ளுவண்டியில் பையன்கள். ரோஸ்கியா என்று வளைய மிட்டாய்ப் பணியாரம் விற்கிறார்கள். அதில் 'முட்டாள்' என்று ஒரு வகை, 'புத்திசாலி' என்று ஒரு வகை. புத்திசாலிக்கு மேலே சர்க்கரைப் பூச்சு, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கினோம்.

புனிதரின் ஊற்றுத் தண்ணீரை வாங்கிக் குடிக்க நீள வரிசை நின்றது. எனக்குத் தலை கிறுகிறுத்தது.

"அத்தை, தொப்பி போடுங்க. அந்த மார்க்கேசா மாதிரி ஆயிடப் போகுது."

"எதுவரைக்கும் படிச்சே?"

"இது அந்த புக்கு இல்ல. நேத்து ராத்திரியே உய்யோவா பாதி முடிச்சிட்டு, இதைப் போன்ல இறக்கிட்டேன். ஸ்பானிஷ்லயே. பத்து பக்கம் ஆச்சு. நல்லா வம்பு பேசுறாங்க உங்க ஃபிரெண்டு."

வரிசை நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் இன்னும் முப்பது பேராவது இருப்பார்கள்.